பார்கோடு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்: கோட்டை விட நம்பர்தான் முக்கியம்

லேபிள், பவுச் அச்சடிக்கிற வேலையில இருக்கேன். ஊறுகாய், சத்துமாவு, சாம்பார் பொடின்னு புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் வருவாங்க. பேரு, லோகோ, போட்டோ எல்லாத்துக்கும் பத்து தடவை கரெக்‌ஷன் சொல்லிட்டு கடைசியில "அந்த கோடு கோடா இருக்குமே, அதையும் ஒரு மூலையில போட்டுடுங்க"ன்னு சொல்லுவாங்க. அந்த கோட்டுக்கு பின்னாடி எவ்வளவு பெரிய கதை இருக்குன்னு நான் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அதனால எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

பார்கோடுக்குள்ள என்ன இருக்கு? விலை அதுலயே இருக்கா?

இல்லங்க. பிஸ்கட் பாக்கெட்ல இருக்குற பார்கோடுல ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கு, வேற எதுவுமே இல்ல. பொருளோட பேர் இல்ல, விலை இல்ல, எக்ஸ்பயரி தேதி இல்ல. கோட்டுக்கு கீழ அச்சடிச்சிருக்காங்களே 13 இலக்கம், அதைத்தான் மெஷினுக்கு புரியுற மாதிரி மேல கோடா போட்டிருக்கு. ஸ்கேனர் அந்த நம்பரை படிச்சு கடை கம்ப்யூட்டருக்கு அனுப்பும், கம்ப்யூட்டர் தன்கிட்ட இருக்குற லிஸ்ட்ல அந்த நம்பருக்கு நேரா என்ன பேர், என்ன விலைன்னு பாத்து பில்லுல ஏத்தும். அதனாலதான் ஒரே பாக்கெட் ஒரு கடையில எம்ஆர்பி விலைக்கும் பக்கத்து கடையில அஞ்சு ரூபா கம்மியாவும் பில் ஆகுது, ரெண்டு இடத்துலயும் கோடு ஒண்ணுதான்.

இதை முதல்ல புரிஞ்சுக்கணும். கோடுங்கிறது வெறும் எழுத்து மாதிரி, எப்படி வேணா எழுதலாம், மாத்திக்கலாம். உலகத்துல இருக்குற எல்லா கடையும் எல்லா கம்பெனியும் ஒரு பொருளுக்கு ஒரே நம்பரை ஒத்துக்கிச்சே, அதுதான் நிஜமான சாதனை.

இதை முதல்ல யோசிச்சது யாரு?

1948-ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல டிரெக்ஸல்னு ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. அந்த ஊர் மளிகைக் கடை சங்கிலி ஒண்ணோட தலைவர் அங்க வந்து, பில் போடுற இடத்துலயே பொருளோட விவரத்தை தானா படிக்கிற மாதிரி ஏதாவது கண்டுபிடிச்சு குடுங்களேன்னு டீன்கிட்ட கேட்டாராம். டீன் முடியாதுன்னுட்டார். பக்கத்துல இருந்த பெர்னார்ட் சில்வர்ங்கிற மாணவர் காதுல அது விழுந்துச்சு, அவர் போய் நண்பர் நார்மன் ஜோசஃப் வுட்லண்ட்கிட்ட சொன்னார். ரெண்டு பேரும் முதல்ல அல்ட்ரா வயலட் வெளிச்சத்துல மின்னுற மை வெச்சு முயற்சி பண்ணாங்க, மை மங்கிப் போச்சு, செலவும் கட்டுப்படி ஆகல.

வுட்லண்ட் விடல, காலேஜ் வேலையை விட்டுட்டு மியாமி பீச்சுக்குப் போய் தங்கி யோசிச்சுக்கிட்டே இருந்தார். சின்ன வயசுல சாரணர் படையில கத்துக்கிட்ட மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமா தந்தி அனுப்புற முறைதான், அவருக்கு நல்லா தெரிஞ்ச ஒரே சங்கேத மொழி. ஒரு நாள் கடற்கரையில உக்காந்துக்கிட்டு புள்ளியும் கோடும் மனசுல ஓட, நாலு விரலை மணல்ல குத்தி அப்படியே தன் பக்கமா இழுத்திருக்கார். மணல்ல நாலு கோடு விழுந்துச்சு. மோர்ஸ் புள்ளிக்கு மெல்லிசு கோடு, மோர்ஸ் கோட்டுக்கு தடிச்ச கோடு, அவ்வளவுதான், ஐடியா கிடைச்சுது. உடனே அதே விரலால வட்டமா சுழிச்சும் பாத்தார், வட்டமா இருந்தா எந்தப் பக்கத்துல இருந்து படிச்சாலும் ஒரே மாதிரி இருக்கும்ல. 1949 அக்டோபர்ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சு 1952 அக்டோபர் 7-ல வாங்கினாங்க.

1952-லயே பேட்டன்ட் வந்துடுச்சுன்னா கடைக்கு வர 22 வருஷம் ஏன் ஆச்சு?

படிக்கிறதுக்கு வெளிச்சம் வேணும். அவங்க செஞ்சு பாத்த முதல் மெஷின்ல 500 வாட் பல்பு, அந்த சூட்டுல பேப்பரே கருகிச்சு. லேசர் வந்தது 1960-ல. படிச்ச நம்பரை தேடிப் பாக்க கம்ப்யூட்டர் வேணும், அன்னைக்கு கம்ப்யூட்டர்னா ஒரு ரூம் சைஸு, மளிகைக் கடைக்கு எட்டாத விலை. 1962-ல பேட்டன்ட்டை ஃபில்கோ கம்பெனிக்கு 15,000 டாலருக்கு வித்துட்டாங்க, அது அப்புறம் ஆர்சிஏங்கிற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி கைக்குப் போச்சு. அந்த ஐடியாவுல அவங்க பாத்த காசு அந்த 15,000 மட்டும்தான். சில்வர் 1963-ல, 38 வயசுல இறந்துட்டார், ஒரு கடையிலயும் அது ஓடுறதை அவர் பாக்கல. எனக்கு ஒவ்வொரு தடவையும் இந்த இடம் வரும்போது மனசு கனமாயிடும்.

நடுவுல ரயில்வேயில ஒரு முயற்சி நடந்துச்சு. வேகன் பக்கவாட்டுல கலர் பட்டை ஒட்டி, ஓடுற ரயிலையே படிக்கிற திட்டம், 1960-கள் கடைசியில அமெரிக்க ரயில்வே முழுக்க ஒட்டினாங்க. அழுக்கு படிஞ்சு படிக்க முடியாம 70-கள்லயே கைவிட்டாங்க.

அப்ப லேசர் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சா?

அதுதான் இல்ல. மெஷினை விட பெரிய சிக்கல் மனுஷங்க ஒத்துப்போறதுல இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு கடைக்கு ஒரு மாதிரி கோடு, இன்னொரு கடைக்கு இன்னொரு மாதிரின்னா சூப் டப்பா செய்யுற கம்பெனி எத்தனை விதமா லேபிள் அடிக்கும்? 1969-ல சின்சினாட்டியில தயாரிப்பாளர் சங்கமும் கடைக்காரர் சங்கமும் உக்காந்து பேசினாங்க. தயாரிப்பாளருங்க தங்களோட பழைய கோட் எல்லாம் உள்ள அடங்கணும்னு 11 இலக்கம் கேட்டாங்க, கடைக்காரங்க ஏழு இலக்கம் போதும், நீளமா இருந்தா செலவு ஜாஸ்தின்னாங்க. ஒண்ணும் முடிவாகல.

அடுத்த வருஷம், 1970-ல, கம்பெனி தலைவருங்களே சேந்து ஒரு கமிட்டி போட்டாங்க. ஹைன்ஸ் கம்பெனியோட பர்ட் குக்கின் அதுக்குத் தலைவர். சந்தையில ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பாக்குறவங்க ஒரே மேஜையில உக்காந்தாங்க. அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, கோடு எப்படி இருக்கணும்ங்கிற சண்டையை ஓரமா வெச்சுட்டு முதல்ல நம்பரை முடிவு பண்ணாங்க. 10 இலக்கம், முதல் அஞ்சு கம்பெனிக்கு, அடுத்த அஞ்சு பொருளுக்கு. முன்னாடி ஒரு இலக்கமும் பின்னாடி சரிபார்க்க ஒரு இலக்கமும் சேந்து அதுதான் யுபிசி-ங்கிற 12 இலக்க பொருள் நம்பர் ஆச்சு. நம்பர் முதல்ல, கோடு பின்னாடி. என்னைக் கேட்டா வரலாறே இந்த ஒரு முடிவுலதான் திரும்புச்சு.

வட்டமா இருந்தது எப்படி நேர்கோடா மாறுச்சு?

அச்சு வேலையில இருக்குறவனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது.

ஆர்சிஏ வட்டத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, 1972 ஜூலையில சின்சினாட்டியில க்ரோகர் கடை ஒண்ணுல ஓட்டியும் பாத்தாங்க. கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம்-ல நார்த் கரோலினா ஆபீஸ்ல ஜார்ஜ் லாரர்னு ஒரு இன்ஜினியர், அவர்கிட்ட இந்த வேலை வந்துச்சு. வுட்லண்டும் 1951-ல இருந்தே ஐபிஎம்-லதான் இருந்தார், அவரையும் அங்க அனுப்பினாங்க. கமிட்டி குடுத்த நிபந்தனை கறாரானது: குறி ஒன்றரை சதுர அங்குலத்துக்கு மேல போகக்கூடாது, எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் படிக்கணும், கண்டுபிடிக்க முடியாத தப்பு 20,000-ல ஒண்ணுக்கு மேல வரக்கூடாது.

லாரர் கணக்குப் போட்டுப் பாத்தா அந்த சின்ன இடத்துல வட்டம் சரிப்படாது. ஏன்னா பிரஸ்ல பேப்பர் ஒரே திசையில வேகமா ஓடுது, மை கொஞ்சம் அந்தத் திசையிலயே இழுவும், இது இன்னைக்கும் எங்க மெஷின்ல நடக்குறதுதான். வட்டத்துல அப்படி இழுத்தா மேலயும் கீழயும் கோடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷினுக்கு படிக்கவே வராது. நேர்கோட்டை பேப்பர் ஓடுற திசையிலயே நிக்க வெச்சுட்டா? மை இழுவினாலும் கோடு கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான், தடிமன் மாறாது. படிக்கிறதே தடிமனை வெச்சுத்தானே! இன்னைக்கும் பிளேட் போடும்போது பார்கோடை எந்தத் திசையில வைக்கணும்னு நாங்க பாக்குறது அதே காரணத்துக்காகத்தான்.

நேர்கோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கணும்ங்கிறதுக்கு அவர் கோட்டை ரெண்டு பாதியா பிரிச்சார், ஒவ்வொரு பாதியும் உயரம் ஜாஸ்தியா அகலம் கம்மியா இருக்குறதால குறுக்கா பெருக்கல் குறி மாதிரி ஓடுற லேசர் கதிர்ல ஏதோ ஒண்ணு கண்டிப்பா ஒரு பாதியை முழுசா கடந்துடும். ரெண்டு பாதியிலயும் இலக்கம் எழுதுற விதம் வேற, அதனால தலைகீழா வந்தாலும் மெஷின் கண்டுபிடிச்சு திருப்பிக்கும். டெமோ காட்டும்போது, அடியில கோடு ஒட்டின ஆஷ்ட்ரேக்களை சாஃப்ட்பால் விளையாட்டுல பந்து எறியுற ஒருத்தரை விட்டு ஸ்கேனருக்கு மேல வேகமா எறியச் சொன்னாங்களாம், எல்லாத்தையும் படிச்சுடுச்சு.

1973 ஏப்ரல் 3-ல கமிட்டி லாரரோட கோட்டைத் தேர்ந்தெடுத்துச்சு. ஐபிஎம் அதுக்கு உரிமை கேட்டு காசு வாங்கல, யார் வேணா பயன்படுத்தலாம்னு விட்டுட்டாங்க. அப்படி விடலைன்னா சின்ன ஊறுகாய் கம்பெனிக்கெல்லாம் இது வந்தே சேந்திருக்காது.

முதல்ல ஸ்கேன் பண்ண பொருள் எது?

1974 ஜூன் 26, காலையில 8.01 மணி, ஒஹையோ மாநிலத்துல ட்ராய்ங்கிற ஊர், மார்ஷ் சூப்பர் மார்க்கெட். 10 பாக்கெட் சேத்த ரிக்லி ஜூசி ஃப்ரூட் சூயிங்கம், விலை 67 சென்ட். வாங்கினவர் மார்ஷ் கம்பெனியிலயே பொறுப்புல இருந்த கிளைட் டாசன், ஸ்கேன் பண்ணவங்க ஷாரன் புக்கானன். அவ்வளவு சின்ன பாக்கெட்டுலயும் கோடு ஒழுங்கா படிக்குமான்னு சந்தேகம் இருந்துச்சு, அதனாலயே சூயிங்கத்தை எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க.

உடனே எல்லா கடையும் வாங்கிடுச்சா?

வாங்கல. பாக்கெட்ல கோடு இல்லாம நான் எதுக்கு அவ்வளவு விலை குடுத்து ஸ்கேனர் வாங்கணும்னு கடைக்காரர், கடையில ஸ்கேனர் இல்லாம நான் எதுக்கு லேபிளை மாத்தணும்னு கம்பெனிக்காரர். மக்கள்கிட்ட இருந்தும் எதிர்ப்பு வந்துச்சு. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒட்டியிருக்குற விலை ஸ்டிக்கரை எடுத்துட்டா, கம்ப்யூட்டர்ல விலையை கூட்டி வெச்சு ஏமாத்தினா நமக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். சில மாநிலங்கள்ல பொருள் மேலயே விலை இருக்கணும்னு சட்டமே போட்டாங்க. 80-கள்ல கேமார்ட் மாதிரி பெரிய கடைங்க சப்ளையருங்ககிட்ட கோடு கேக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் நல்லா பரவுச்சு. நம்ம ஊர்ல பாக்கெட் மேலயே எம்ஆர்பி அச்சடிக்கணும்னு சட்டம் இருக்குறதால அந்த பயம் அவ்வளவா இல்ல, ஆனாலும் பில்லை ஒரு தடவை பாத்துட்டு கிளம்புறது நல்லது.

அமெரிக்காவுல 12 இலக்கம், நம்மகிட்ட ஏன் 13?

யுபிசி அமெரிக்கா, கனடாவுக்குன்னு போட்ட கணக்கு. ஐரோப்பாக்காரங்களும் வேணும்னாங்க, 1977-ல 12 நாடு சேந்து ப்ரஸ்ஸல்ஸ்ல ஈஏஎன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு, முன்னாடி இன்னொரு இலக்கம் சேத்து 13 ஆக்கினாங்க. இதுல ஒரு அழகான வேலை இருக்கு, பக்கத்துல ஏதாவது பாக்கெட் இருந்தா எடுத்துப் பாருங்க. 890-ன்னு ஆரம்பிக்கிற நம்பர்ல அந்த 8 மட்டும் கோட்டுக்கு வெளியில இடது பக்கமா தனியா நிக்கும். ஏன்னா அந்த 8-க்கு கோடே கிடையாது!

ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் இருக்குற நீளக் கோடுங்க எல்லைக் கல் மாதிரி, நடுவுல இருக்குறதுக்கு இந்தப் பக்கம் ஆறு இலக்கம், அந்தப் பக்கம் ஆறு இலக்கம், மொத்தம் 12-தான். இடது பக்க இலக்கம் ஒவ்வொண்ணையும் ரெண்டு விதமா எழுதலாம், முதல் விதம், ரெண்டாவது விதம்னு வெச்சுக்கோங்க. ஆறு இலக்கத்துல எது எது எந்த விதத்துல எழுதியிருக்குங்கிற வரிசையை வெச்சே மெஷின் வெளியில நிக்கிற அந்த முதல் இலக்கத்தைக் கண்டுபிடிக்கும். 8-ன்னா முதல், ரெண்டு, முதல், ரெண்டு, ரெண்டு, முதல். ஆறுமே முதல் விதம்னா 0, அதுதான் பழைய அமெரிக்க யுபிசி. பழைய கோட்டுல ஒரு இழை கூட மாத்தாம, ஒரு இன்ச் கூட நீட்டாம புது இலக்கத்தை உள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க. நான் இதை முதல்ல புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி வீட்டுல இருந்த பாக்கெட் எல்லாத்தையும் எடுத்து எண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஆனா அமெரிக்கக் கடைங்க ரொம்ப நாள் 12 இலக்கத்துலயே நின்னாங்க, மத்த நாட்டுக்காரங்க அங்க ஏற்றுமதி பண்ணணும்னா தனியா யுபிசி நம்பர் வாங்க வேண்டியிருந்துச்சு. 2005 ஜனவரியில இருந்துதான் 13-ஐயும் படிக்கணும்னு முடிவாச்சு. அதே வருஷம்தான் ரெண்டு பக்க சங்கங்களும் ஒண்ணா சேந்து ஜிஎஸ்1-ங்கிற பேருக்கு மாறினது.

890-ல ஆரம்பிச்சா இந்தியப் பொருள், 690-ன்னா சீனப் பொருளா?

வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்துற செய்தி, தப்பு. முதல் மூணு இலக்கம் அந்தக் கம்பெனி எந்த நாட்டு ஜிஎஸ்1 அமைப்புல பதிஞ்சு நம்பர் வாங்குச்சுங்கிறதை மட்டும்தான் சொல்லும். 890 இந்தியா, 479 இலங்கை, 690-ல இருந்து 699 வரைக்கும் சீனா. இந்தியாவுல பதிஞ்ச கம்பெனி சீனாவுல பொருள் செஞ்சு கொண்டு வந்தாலும் 890-தான் போடும். எங்க செஞ்சதுன்னு தெரியணும்னா லேபிள்ல அச்சடிச்சிருக்குற தயாரிப்பு முகவரியைப் படிங்க, அதுதான் சரியான வழி.

கடைசி இலக்கம் எதுக்கு?

சரிபார்க்க. ஒரு நம்பர் சும்மா எடுத்துக்குவோம், 890123456788, இது 12 இலக்கம். ஒண்ணாவது, மூணாவது, அஞ்சாவதுன்னு ஒத்தைப்படை இடத்துல இருக்குறதை கூட்டுங்க: 8, 0, 2, 4, 6, 8, மொத்தம் 28. ரெட்டைப்படை இடத்துல இருக்குறது 9, 1, 3, 5, 7, 8, மொத்தம் 33, அதை மூணால பெருக்கினா 99. 28-ம் 99-ம் 127. அடுத்த பத்துக்கு, அதாவது 130-க்கு, எவ்வளவு குறையுது? 3. அதுதான் 13-வது இலக்கம். ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கைப் போட்டு சரியா வந்தாதான் பீப் அடிக்கும். ஏதாவது ஒரு இலக்கம் தப்பாப் போனா கண்டிப்பா மாட்டும். பக்கத்து பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டும், 1-ம் 6-ம், 2-ம் 7-ம் மாதிரி அஞ்சு வித்தியாசம் உள்ளது மாறினா மட்டும் தப்பிச்சுடும்.

ஓரத்துலயும் நடுவுலயும் இருக்குறது 666-னு சொல்றாங்களே?

எல்லைக் கோடு ரெண்டு மெல்லிசு கோடா இருக்கும், வலது பக்கத்துல எழுதுற 6-ம் பாக்க கிட்டத்தட்ட அப்படி இருக்கும், அதுல இருந்து வந்த பயம். எல்லைக் கோடு எந்த இலக்கத்தையும் குறிக்கல. லாரரே இது தற்செயல்னு பல தடவை விளக்கம் குடுத்துட்டார்.

சூப்பர் மார்க்கெட்ல தக்காளி எடை போட்டு ஒட்டுற ஸ்டிக்கர்ல விலை இருக்கே?

ஆமா, அது வேற கணக்கு. 2-ல ஆரம்பிக்கிற நம்பர்களை கடைங்க தங்களுக்குள்ளயே பயன்படுத்திக்கட்டும்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. அதுல பொருளோட நம்பரும் எடையோ விலையோ உள்ள இருக்கும், அந்தக் கடைக்கு மட்டும்தான் அர்த்தம் புரியும், அடுத்த கடையில காட்டினா வேற ஏதாவது வரும், இல்ல ஒண்ணுமே வராது.

புத்தகத்துல இருக்குறதும் இதே பார்கோடா?

அதேதான். புத்தகத்துக்கு முன்னாடியே ஐஎஸ்பிஎன் நம்பர் தனியா இருந்துச்சு, 10 இலக்கம். அதை பார்கோடுல கொண்டு வர, புத்தகத்தையே ஒரு நாடு மாதிரி பாவிச்சு 978-னு ஒரு முன்னெண் குடுத்தாங்க. 2007-ல இருந்து ஐஎஸ்பிஎன்-னே 13 இலக்கமாயிடுச்சு. இந்தியப் புத்தகம்னா 978-க்கு அப்புறம் 81 இல்லைன்னா 93, இலங்கைப் புத்தகம்னா 955 இல்லைன்னா 624. ஐஎஸ்பிஎன்-ஐ இந்தியாவுல அரசு ஏஜென்சி இலவசமா குடுக்குது, புத்தகம் போடுறவங்க யாருக்கும் காசு குடுத்து ஏமாற வேண்டாம்.

நெட்ல இலவசமா பார்கோடு போட்டுத் தர்றாங்களே, அதை வெச்சுக்கலாமா?

அவங்க கோடு வரைஞ்சு தருவாங்க, நம்பர் யாரோடது? அங்கதான் சிக்கல். நீங்களா ஒரு நம்பர் போட்டு வரைஞ்சா அது ஏற்கனவே யாரோ ஒரு சோப்பு கம்பெனியோட நம்பரா இருக்கலாம், பில்லுல உங்க இட்லிப் பொடிக்கு சோப்புன்னு வரும். இந்தியாவுல நம்பர் குடுக்குறது ஜிஎஸ்1 இந்தியா, 1996-ல மத்திய வர்த்தக அமைச்சகமும் தொழில் சங்கங்களும் சேந்து ஆரம்பிச்ச அமைப்பு. அங்க பதிஞ்சு உங்க கம்பெனிக்குன்னு முன்னெண் வாங்கிக்கோங்க, அதுக்கு அப்புறம் வர்ற இலக்கத்தை நீங்களே ஒவ்வொரு பொருளுக்கும் குடுத்துக்கலாம். 100 கிராமுக்கு ஒண்ணு, 200 கிராமுக்கு இன்னொண்ணு, மிளகுப் பொடிக்கு தனி, பூண்டுப் பொடிக்கு தனி. வேற ஒருத்தர் பேர்ல இருக்குற நம்பரை கம்மி விலைக்கு வித்தா வாங்காதீங்க, பெரிய கடைங்க நம்பர் யார் பேர்ல இருக்குன்னு சரிபார்ப்பாங்க.

எந்தக் கலர்ல, எந்த சைஸ்ல அடிக்கணும்?

மிளகாய்ப் பொடி செய்யுற ஒரு அக்கா வந்தாங்க. வேற ஒரு இடத்துல 5,000 பவுச் அடிச்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க, வெள்ளை மேல நல்ல சிவப்புல பார்கோடு, பாக்க அவ்வளவு அழகு. சூப்பர் மார்க்கெட்ல ஒரு பவுச் கூட பீப் அடிக்கல, மொத்தமா திருப்பி அனுப்பிட்டாங்க. பாவம், ஒவ்வொரு பவுச்சையும் மூஞ்சிக்கு நேரா வெச்சு "நல்லாத்தானே தம்பி தெரியுது"ன்னு கேட்டாங்க.

நம்ம கண்ணுக்குத் தெரியும்க்கா, ஸ்கேனருக்குத் தெரியாது. அதோட வெளிச்சம் சிவப்பு. சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு மையும் வெள்ளை பேப்பரும் ஒண்ணு மாதிரிதான் பளிச்சுன்னு இருக்கும், கோடே காணாமப் போயிடும். சிவப்பு கண்ணாடிப் பேப்பர் வழியா பாக்கச் சொன்னேன், பாத்ததும் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த 5,000 பவுச்சுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டினோம், அவங்க வீட்டுல எல்லாரும் ராத்திரி உக்காந்து ஒட்டினாங்க.

கறுப்பு, கரு நீலம், கரும் பச்சை கோட்டுக்கு நல்லது. பின்னணி வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, ஏன் சிவப்பே கூட இருக்கலாம். சைஸ் சுமார் 37 மில்லிமீட்டர் அகலம், 26 உயரம், அந்த அளவுல 80 சதவீதமா ஆகுற வரைக்கும் சின்னதாக்கலாம், அதுக்குக் கீழ வேண்டாம். ரெண்டு பக்கமும் காலி இடம் கண்டிப்பா விடணும், டிசைன் பண்றவங்க அந்த வெள்ளையைப் பாத்து பூ போட்டு நிரப்பிடுவாங்க, விடாதீங்க. மெல்லிசா நீளமா இருக்குற பாட்டில்ல கோட்டை ஏணிப் படி மாதிரி படுக்க வெச்சுப் போடுங்க, இல்லைன்னா வளைவுல ஓரக் கோடெல்லாம் மறைஞ்சிடும்.

க்யூஆர் கோடு வந்துடுச்சே, இனிமே இது எதுக்கு?

க்யூஆர் 1994-ல ஜப்பான்ல டென்சோ கம்பெனியில மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் வண்டி உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கினது. அதுல நிறைய விஷயம் அடங்கும், கொஞ்சம் கிழிஞ்சாலும் படிக்கும். மருந்துல ஏற்கனவே வந்தாச்சு, இந்தியாவுல 2023 ஆகஸ்ட்ல இருந்து முக்கியமான 300 மருந்து பிராண்டுகள்ல பார்கோடோ க்யூஆரோ கட்டாயம், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி எல்லாம் அதுல இருக்கு. மளிகையிலயும் 2027 முடியுறதுக்குள்ள உலகம் முழுக்க பில்லிங் கவுண்ட்டர்ல சதுரக் கோட்டையும் படிக்க வைக்கணும்னு ஜிஎஸ்1 இலக்கு வெச்சிருக்கு. அப்படி வந்தா காலாவதியான பாக்கெட்டை பில் போடாமலே மெஷின் நிறுத்திடலாம்.

நீங்க இப்ப நம்பர் வாங்கினா அது வீணாகாது, அந்த சதுரத்துக்குள்ள போகப்போறதும் இதே நம்பர்தான். புதுசா டிசைன் போடுறவங்க நேர்கோட்டுக்குப் பக்கத்துல ஒரு 2 சென்டிமீட்டர் சதுரம் காலியா விட்டு வைங்க, நான் இப்ப வர்ற எல்லாருக்கும் அப்படித்தான் லேஅவுட் போட்டுக் குடுக்குறேன்.